மலைக்குகையும் மழைக்காலமும்

குகை என்றாலே நம் உள்ளத்தில் ஓர் ஆவலும் ஓர் அச்சமும் ஒருங்கே எழுகின்றன. ஆதி மனிதனுக்கு வீடாக இருந்தது குகை. முனிவர்களுக்குத் தவச்சாலையாக இருந்ததும் குகையே. இறைவாக்கினர் எலியா ஓரேபு மலையின் குகையில் தங்கியிருந்தபோதுதான் ஆண்டவருடைய மெல்லிய குரலைக் கேட்டார். நம் மீட்பர் பிறந்த பெத்லகேம் தொழுவமும் ஒரு குகையே என்பது தொன்றுதொட்டு வரும் மரபு. 1858 ஆம் ஆண்டு பிப்ரவரி 11 ஆம் நாள், விறகு பொறுக்கச் சென்ற 14 வயதுச் சிறுமி பெர்நதெத் தேவ அன்னையின் காட்சியைக் கண்டது, பிரான்சு நாட்டின் லூர்து நகரில் மசபியேல் என்னும் பாறைக் குகையில்தான். நம் ஆலயங்களிலும் பள்ளிகளிலும் நாம் செபமாலை சொல்லும் மாதா கெபிகள் அந்தக் குகையின் சாயலில் கட்டப்பட்டவையே.

அந்த லூர்துக் குகையின் அருகில் காவ் என்னும் ஆறு ஓடுகிறது. 2013 ஜூன் மாதத்தில் அந்த ஆறு பெருக்கெடுத்துத் திருத்தலத்திற்குள் புகுந்தது. குகைக்குள்ளும் வெள்ளம் ஏறியது. திருப்பயணிகளைப் பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. புனிதத் தலம் என்று வெள்ளம் விலகிப் போகவில்லை. இயற்கைக்கு ஆண்டவர் வகுத்த விதி எல்லா இடத்திற்கும் ஒன்றே.

குகைகளை ஆராயச் செல்வோர் மழையைக் கண்டு ஏன் அஞ்சுகிறார்கள்? மழையில் சிக்கிக்கொண்டவர்களுக்கு என்ன நேர்ந்தது? இவற்றை இக்கட்டுரையில் காண்போம். சவ்வாது மலையின் அடிவாரத்தில், சிங்காரப்பேட்டையில் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று.

குகையைக் குடைந்தது யார்?

உலகின் பெருங்குகைகளில் பெரும்பாலானவற்றை உளி கொண்டு யாரும் குடையவில்லை. குடைந்தது மழைநீர். எப்படி என்கிறீர்களா? மழைத்துளி விழும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது கரைத்துக்கொள்கிறது. மண்ணுக்குள் இறங்கும்போது, மட்கிய இலைதழைகளிலிருந்து அந்த வாயுவை இன்னும் அதிகமாகப் பெறுகிறது. அப்போது அந்த நீர் ஒரு மென்மையான அமிலமாகிறது. சோடாவில் இருப்பதும் இதே அமிலந்தான். சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் இந்த நீர் இறங்கிப் பாறையை அணு அணுவாகக் கரைக்கிறது. நூல் நுழையும் வெடிப்பு, ஆயிரமாயிரம் ஆண்டுகளில் ஆள் நடக்கும் பாதையாகிறது.

கரைந்த சுண்ணாம்பு வீணாவதில்லை. குகையின் கூரையிலிருந்து சொட்டும் நீர் அதைச் சிறிது சிறிதாக விட்டுச் செல்கிறது. கூரையிலிருந்து ஆலம்விழுது போல் தொங்குவது கல்விழுது. தரையிலிருந்து மேல்நோக்கி வளர்வது கல்முளை. இரண்டும் சந்தித்தால் தூண்.

இதை எங்கள் ஆய்வகத்தில் நாங்களே சோதித்துப் பார்த்தோம். ஒரு சலவைக்கல் துண்டின்மீது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில துளிகள் விட்டோம், நுரைத்துப் பொங்கியது. நம் ஊர்க் கருங்கல்லின்மீது அதே அமிலத்தை விட்டோம். நனைந்ததே தவிர, நுரைக்கவில்லை. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நீண்ட சுண்ணாம்புக் குகைகள் இல்லாமைக்குக் காரணம் எங்களுக்கு அந்த ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் நம் கிரானைட்டை மழை அவ்வளவு எளிதில் கரைக்க முடியாது.

ஆகவே குகை ஆராய்ச்சியைப் பற்றி அறிய நாம் நம் நாட்டின் வடகிழக்கு மூலைக்குச் செல்ல வேண்டும்.

மேகங்களின் இல்லத்தில்

மேகாலயா என்றால் மேகங்களின் இல்லம் என்று பொருள். அங்கே சுண்ணாம்புப் பாறையும் ஏராளம், மழையும் ஏராளம். மௌசின்ராம் என்னும் ஊரில் 2022 ஜூன் 17 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் மட்டும் 100 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நம் மாவட்டத்தில் சராசரியாக ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையைவிட இது அதிகம்! பாறையும் மழையும் இப்படிச் சேர்ந்த இடத்தில் குகைகள் உண்டாவது இயல்புதானே?

காசி மொழியில் குகைக்கு 'கிரெம்' என்று பெயர். ஜைந்தியா மலையிலுள்ள கிரெம் லியாட் பிரா என்னும் குகைத் தொகுதி 30 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுடையது. மௌசின்ராம் அருகே 2016 இல் கண்டறியப்பட்டு, 2018 இல் அளக்கப்பட்ட கிரெம் புரி குகையின் நீளம் ஏறத்தாழ 24.5 கிலோமீட்டர். இது மணற்கல்லில் அமைந்த குகை. மணற்கல் குகைகளில் உலகிலேயே மிக நீளமானது என்று கூறப்படுகிறது.

இக்குகைகளை ஆராயும் பணி புதியதன்று. 1922 ஆம் ஆண்டிலேயே ஸ்டான்லி கெம்ப், சோப்ரா என்னும் இரு விலங்கியலறிஞர்கள் காரோ மலையிலுள்ள சிஜு குகைக்குள் சென்று, இருளில் வாழும் உயிரினங்களைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். 1992 முதல் மேகாலயா சாகசக்காரர் சங்கத்தார், ஐரோப்பிய நாடுகளின் குகை ஆர்வலர்களுடன் சேர்ந்து பயணங்கள் மேற்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குகைப் பாதைகளை அளந்து வரைபடமாக்கியுள்ளார்கள். முன்னே ஒருவர் நாடாவின் நுனியைப் பிடித்துச் செல்வார். பின்னே ஒருவர் தூரத்தையும் திசையையும் சரிவையும் கருவி கொண்டு பார்த்துச் சொல்வார். மற்றொருவர் சேற்றுக் கையோடு அதைக் குறித்துக்கொண்டு படம் வரைவார். இப்படி நாடா அளவுக்கு நாடா அளவாகவே 30 கிலோமீட்டரும் அளக்கப்பட்டது என்றால் அவர்களுடைய பொறுமையை என்னவென்று சொல்வது!

அந்த உழைப்பினால் உலகுக்குக் கிடைத்த பயன் பெரிது. சிரபுஞ்சி அருகேயுள்ள மௌம்லு குகையின் கல்முளை ஒன்றை ஆராய்ந்த அறிஞர்கள், ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரு பெரும் வறட்சியின் அடையாளத்தை அதில் கண்டார்கள். அன்று தொடங்கி இன்றுவரை உள்ள காலப்பகுதிக்கு 2018 இல் 'மேகாலயன் காலம்' என்றே பெயரிட்டார்கள். சொட்டுச் சொட்டாக வளர்ந்த கல், மழையின் வரலாற்றை எழுதி வைத்திருக்கிறது.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்தப் பெரும் பயணங்கள் பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தை ஒட்டியே நடைபெறுகின்றன. அது அங்கே மழை ஓய்ந்த வறண்ட காலம். உலகத்தின் தேர்ந்த குகை ஆய்வாளர்கள், கயிறும் விளக்கும் தலைக்கவசமும் உடையவர்கள், மழைக்காலத்தில் அக்குகைகளுக்குள் இறங்கத் துணிவதில்லை. இது கோழைத்தனமா? இல்லை. காரணத்தைப் பார்ப்போம்.

வெளியே மழை, உள்ளே வெள்ளம்

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், அங்கே விழுந்த நீர் ஒரு கோடி லிட்டர். மலையின்மேல் பல சதுர கிலோமீட்டர் பரப்பில் விழும் நீரில் ஒரு பகுதி, வெடிப்புகளிலும் பள்ளங்களிலும் இறங்கி, இறுதியில் ஒரு கதவளவே உள்ள குகைப் பாதையின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஆற்றுக்கு இருபுறமும் கரையுண்டு. கரை மீறினால் வயலில் பரவலாம். குகை நீருக்குப் பரவ இடமில்லை. அது மேல்நோக்கித்தான் ஏறும். கூரையைத் தொடும்வரை ஏறும்.

இன்னொன்று, அந்த நீர் உடனே வருவதில்லை. மண்ணிலும் வெடிப்பிலும் ஊறி, சில மணி நேரம் கழித்தும் வரலாம். குகை வாயிலில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மலையின் மறுபுறத்தில் பெய்த மழை உள்ளே வந்து சேரும். உள்ளே இருப்பவருக்கு இடியும் கேட்காது, மேகமும் தெரியாது.

குகை தானாகவே சில எச்சரிக்கைகளைத் தருவதுண்டு. தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவது, ஓடையின் ஓசை உயர்வது, சருகும் நுரையும் மிதந்து வருவது ஆகியவை வெள்ளத்தின் முன்னறிவிப்புகள். தலைக்குமேல் கூரையில் சருகும் சுள்ளியும் சிக்கியிருந்தால், முன்பு வெள்ளம் அந்த உயரம்வரை ஏறியது என்று பொருள். தேர்ந்தவர்கள் குகைக்குள் நுழைந்ததும் தரையை மட்டும் பார்ப்பதில்லை, கூரையையும் பார்க்கிறார்கள்.

குளிரும் ஒரு பகையே. நனைந்த உடையோடு இருப்பவரின் உடற்சூட்டை நீர், காற்றைவிடப் பல மடங்கு விரைவாகக் கவர்ந்துவிடும். முதலில் நடுக்கம் வரும். பிறகு பேச்சுக் குழறும். அதன்பின் அறிவு மங்கும். வழி தெரிந்தவரும் வழி தவறுவது அப்போதுதான்.

தாய்லாந்து தந்த பாடம்

2018 ஜூன் 23 ஆம் நாளை உலகம் மறக்காது. தாய்லாந்தின் சியாங் ராய் மாநிலத்தில், தாம் லுவாங் என்னும் குகைக்குள் 11 முதல் 16 வயது வரையுள்ள 12 சிறுவர்களும் அவர்களுடைய 25 வயதுத் துணைப் பயிற்சியாளரும் சென்றார்கள். கால்பந்துப் பயிற்சி முடிந்து, சிறிது நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புவதே அவர்கள் எண்ணம். ஜூலை முதல் நவம்பர் வரை குகையில் வெள்ளம் வரும் என்று வாயிலில் எச்சரிக்கைப் பலகை இருந்தது. நாட்காட்டியின்படி ஜூலை பிறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. மழையோ நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை. அன்றே பெய்த மழை, திரும்பும் வழியை நீரால் அடைத்துவிட்டது.

அவர்கள் உள்ளே உள்ளே சென்று ஒரு மேட்டில் ஒதுங்கினார்கள். உணவில்லை. பாறையிலிருந்து சொட்டிய நீரையே குடித்தார்கள். முன்பு புத்த மடத்தில் துறவுப் பயிற்சி பெற்றிருந்த பயிற்சியாளர், அச்சத்தில் வலிமையை வீணாக்காமல் அமைதியாகத் தியானிக்கக் கற்றுக்கொடுத்தார். ஜூலை 2 ஆம் நாள் இரவு, ரிச்சர்ட் ஸ்டான்டன், ஜான் வொலந்தன் என்னும் இரு ஆங்கிலேயர் நீரில் மூழ்கி நீந்திவந்து, வாயிலிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் உள்ளே அவர்களைக் கண்டார்கள். அவர்களிடம் ஆங்கிலத்தில் பேசியவன் 14 வயதான அதுல் சாம்-ஓன். அவன் எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாதவன். ஒரு கிறித்தவ ஆலயத்தில் தங்கிப் படித்துவந்தவன். இந்த மொழி நமக்கு எங்கே பயன்படப் போகிறது என்று சலித்துக்கொள்ளும் நம் தோழியர் இதைச் சிந்திப்பார்களாக!

மீட்புப் பணியின் பெரும்பகுதி நீரோடு நடந்த போராட்டமே. இரவும் பகலும் பம்புகள் நீரை இறைத்தன. இந்தியத் தூதரகத்தின் பரிந்துரையின்பேரில் நம் நாட்டுக் கிர்லோஸ்கர் நிறுவனத்தின் பொறியாளர்களும் அப்பணியில் உதவினார்கள். மற்றொரு குழுவினர் மலைமேல் ஏறி, குகைக்குள் இறங்கும் ஓடைகளைக் கண்டுபிடித்துத் தடுத்துத் திருப்பினார்கள். இறைத்த நீர் அருகிலிருந்த நெல்வயல்களை மூழ்கடித்தது. பிள்ளைகள் பிழைத்தால் போதும் என்று கூறி, இழப்பீடும் வேண்டாம் என்ற உழவர்கள் பலர்.

ஜூலை 6 ஆம் நாள், குகைக்குள் காற்றுக் குப்பிகளை வைத்துவிட்டுத் திரும்பிய முன்னாள் கடற்படை வீரர் சமன் குணன் உயிர் துறந்தார். ஜூலை 8, 9, 10 ஆகிய மூன்று நாட்களில், ஆஸ்திரேலிய மருத்துவர் ரிச்சர்ட் ஹாரிஸ் மயக்க மருந்து கொடுக்க, நீர்மூழ்கும் வீரர்கள் பதின்மூவரையும் ஒவ்வொருவராக வெளியே கொண்டுவந்தார்கள். முன்பின் அறியாத பிள்ளைகளுக்காகத் தம் உயிரைக் கொடுத்தவரின் அன்பைவிட மேலான அன்பு எது? பெற்றோர்களோ பயிற்சியாளர்மீது சினம் கொள்ளவில்லை. தன்னைத்தானே குற்றஞ்சாட்டிக்கொள்ள வேண்டாமென்று அவருக்கு மடல் எழுதி உள்ளே அனுப்பினார்கள்.

நம் மலைகளில்

நம் பகுதியில் அப்படிப்பட்ட குகை இல்லையே, நமக்கு என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். நம் பக்கத்துக் குகைகள் வேறு வகையானவை. உருண்டு குவிந்த பாறைகளுக்கு இடையேயுள்ள பொந்துகளும், கூரைபோல் நீண்ட பாறையின் கீழுள்ள ஒதுக்கிடங்களும் இங்கே உண்டு. பர்கூரை அடுத்த மல்லப்பாடியில் இத்தகைய பாறையில் பழங்கால மனிதர் வெள்ளை நிறத்தில் தீட்டிய ஓவியங்களை இன்றும் காணலாம். இத்தனை காலம் அவை அழியாதிருப்பதே, மழைச் சாரல் அதிகம் படாத இடத்தை அவர்கள் அறிந்து தேர்ந்தார்கள் என்பதற்குச் சான்று.

கொடைக்கானலில் குணா குகை என்று இன்று அழைக்கப்படுவதும் பாறைப் பிளவுகளால் ஆனதே. 2006 இல் கேரளத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர் அங்கே ஆழமான பிளவுக்குள் விழுந்தார். அவருடைய நண்பர் உள்ளே இறங்கி அவரை மீட்டார். இந்த உண்மை நிகழ்ச்சி 2024 இல் திரைப்படமாகவும் வந்தது. சருகு மூடிய பிளவு கண்ணுக்குத் தெரியாது. மழையில் பாசி பிடித்த பாறையில் கால் நிற்காது.

மழையின் வலிமையை நாம் வேறெங்கும் சென்று காண வேண்டியதில்லை. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடலைக் காணாத நம் பகுதிக்குப் புயலால் என்ன வரும் என்று இருந்தோம். டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. மேலே போட்ட கணக்கின்படி, ஒவ்வொரு சதுர கிலோமீட்டரிலும் 50 கோடி லிட்டர்! சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் இழுத்துச் செல்லப்பட்டன. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலைச்சரிவு இடிந்து வீட்டின்மீது விழ, குழந்தைகள் உள்பட 7 பேர் மாண்டார்கள். அவர்களுடைய ஆன்மாக்கள் இறைவனில் இளைப்பாறுவதாக.

சவ்வாது மலைக்கும், ஜமுனாமரத்தூரை அடுத்த பீமன் அருவிக்கும் நாம் சுற்றுலா செல்கிறோம். வறண்டு கிடக்கும் கானாறு, மேலே பெய்த மழையால் சில நிமிடங்களில் இடுப்பளவாகிவிடும். குகையில் நிகழ்வதுதான் இங்கேயும் நிகழ்கிறது. கூரை மட்டும் இல்லை.

ஆடு மேய்க்கும் சிறுவர்களும் விறகுக்குச் செல்லும் தாய்மார்களும் மழை வந்தால் பாறைப் பொந்தில் ஒதுங்குவது வழக்கம். இடி மின்னலின்போது இது ஆபத்து. மின்னல் பாறைமேல் விழுந்தால், மின்சாரம் நனைந்த பாறையின் மேற்பரப்பு வழியே இறங்கி, பொந்தின் வாயிலைத் தாண்டிப் பாயும். வாயிலில் நிற்பவரின் உடலே அதற்குப் பாலமாகிவிடும். உள்ளே ஆழமாகச் செல்வோமென்றால், நம் காடுகளில் கரடியும் பாம்பும் அதே இடத்தைத்தான் தேடி வருகின்றன. எனவே முதல் இடி கேட்டதும் கீழே இறங்கி, ஒரு கட்டடத்தையோ வண்டியையோ அடைவதே சிறந்தது.

செல்வோர் நினைவிற்கொள்ள வேண்டியவை

முதலாவது, புறப்படுமுன் வானிலை அறிக்கையைக் கேட்க வேண்டும். நாம் நிற்கும் இடத்திற்கு மட்டுமல்ல, மலை உச்சிக்கும்.

இரண்டாவது, எங்கே செல்கிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வெளியே ஒரு பெரியவரிடம் சொல்லி வைக்க வேண்டும். அந்த நேரம் கடந்தால் தேடத் தொடங்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, தனியே செல்லலாகாது. நால்வராவது இருந்தால், ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் துணையிருக்க, இருவர் உதவி தேடிச் செல்லலாம்.

நான்காவது, ஒவ்வொருவரும் மூன்று விளக்குகள் வைத்திருக்க வேண்டும். ஒன்று அணையலாம், மற்றொன்று விழுந்து உடையலாம், மூன்றாவது வீட்டுக்கு வழிகாட்டும். தலைக்கவசமும், பாலிதீன் பையில் கட்டிய உலர்ந்த உடையும் வேண்டும்.

ஐந்தாவது, அவ்வூர் மக்களின் சொல்லை மதிக்க வேண்டும். மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு எந்த ஓடை எப்போது பெருகும் என்பது தெரியும். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

ஆறாவது, திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டும். மலையில் நின்றுகொண்டு முடிவு செய்தால், இன்னும் சிறிது தூரம் என்று ஆசை சொல்லிக்கொண்டே இருக்கும்.

முடிவுரை

மறைக்கல்வி வகுப்பில் விவேகம், நீதி, துணிவு, தன்னடக்கம் என்னும் நான்கு தலையாய நற்பண்புகளைப் படிக்கிறோம். துணிவு மூன்றாவதாக நிற்க, விவேகம் ஏன் முதலில் நிற்கிறது என்று நாங்கள் எண்ணியதுண்டு. குகைகளின் கதை அதற்கு விடை தருகிறது. தாம் லுவாங்கில் நீரில் மூழ்கிச் சென்றவர்கள் துணிவுடையவர்கள். மேகாலயாவில் மழைக்காலம் முழுவதும் குகை வாயிலுக்கு வெளியே பொறுத்திருந்து, பிப்ரவரியில் நாடாவோடு இறங்குகிறவர்களும் அவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர். முன்னவர்களின் துணிவு பிறர் உயிரைக் காத்தது. பின்னவர்களின் விவேகம், தம்மைக் காக்கப் பிறர் உயிரைப் பணயம் வைக்கும் நிலையே நேராமல் செய்கிறது.

தோழியரே, அடுத்த சுற்றுலாவின்போது மலைமேல் கருமேகம் திரண்டு, அருட்சகோதரியரோ ஆசிரியரோ "போதும், திரும்புவோம்" என்றால், முகம் சுளிக்காமல் திரும்புவோம். பெற்றோரே, நீங்கள் தடுக்கும் நாளில் அதன் காரணத்தையும் எங்களுக்குச் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் நாங்கள் எங்கள் தம்பி தங்கையருக்கும் எடுத்துச் சொல்வோம். மலை அங்கேயேதான் இருக்கும். நல்ல வெயில் நாள் ஒன்றில் அதை மீண்டும் காணச் செல்லலாம்.